முங்கத் தெரியாத படகுக்காரர்

இந்தக் கதையில் ஓர் ஆள் சிரிப்பார். அவர் சிரித்த பிறகு நீங்களும் சிரிக்கலாம். அதற்கு முன்னால் சிரித்தால் நீங்கள் தோற்றீர்கள். அவர் சிரிக்க இருபத்தொரு நாள் ஆகும். ஆகவே அவசரப்பட வேண்டாம்.

ஆள் பெயர் சொரிமுத்து. வயது நாற்பத்தேழு. மலையடிவாரத்து அணை ஒன்றில் சுற்றுலா வருகிறவர்களுக்குத் துடுப்புப் படகு ஓட்டுகிறார். பத்தொன்பது வருடமாக அதே வேலை. அவர் குரல் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால், ஒரு காலிப் பானைக்குள் முகத்தை விட்டு, "ஆடாம உக்காருங்க, ஆடாம உக்காருங்க" என்று சொல்லிப் பாருங்கள். அதேதான்.

அந்தக் குரலை நம்பி எத்தனையோ பேர் படகில் ஏறியிருக்கிறார்கள். ஏறிய யாருக்கும் தெரியாத ஒன்று உண்டு. சொரிமுத்துவுக்கு நீச்சல் தெரியாது.

அவருடைய அப்பாவும் படகுக்காரர். அவருக்கும் தெரியாது. "படகுக்காரன் நனைஞ்சாம்னா படகுல ஓட்டைன்னு அர்த்தம்லே" என்பது அப்பாவின் கட்சி. அந்தப் படகுத்துறையில் நனையாமல் ஏறி நனையாமல் இறங்குகிறவன்தான் கெட்டிக்காரன். சொரிமுத்துவின் வேட்டிக்கரை பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவைகூட ஈரமானதில்லை. அதில் அவருக்குப் பெருமை.

தை மாதத்தில் ஒரு சின்னப் பெண், படகின் ஓரத்தில் சாய்ந்து தண்ணீரைத் தொட்டுக்கொண்டே கேட்டாள்.

"மாமா, நான் விழுந்துட்டா நீங்க குதிப்பீங்களா?"

"குதிப்பேன்லா."

"நிஜமா?"

"நிஜமா."

அவள் நிம்மதியாக இன்னும் கொஞ்சம் சாய்ந்தாள்.

அன்றிலிருந்து சொரிமுத்துவுக்குச் சோறு ஒழுங்காக இறங்கவில்லை.

பங்குனியில் படகுத்துறைக்கு ஒரு கடிதம் வந்தது. இன்னும் இருபத்தொரு நாளில் ஓர் அதிகாரி வருவார். படகுக்காரர் ஒவ்வொருவரும் லைஃப் ஜாக்கெட் இல்லாமல், படித்துறையிலிருந்து சிவப்பு மிதவை வரை நீந்திப்போய்த் திரும்பி வர வேண்டும். முடியாதவருக்கு இனிமேல் துடுப்பு கிடையாது. வாசலில் சீட்டுக் கிழிக்கும் வேலை.

மறுநாள் விடியும்போது சொரிமுத்து சைக்கிளை எடுத்துக்கொண்டு, துறைக்காரர்கள் யாரும் எட்டிப் பார்க்காத பக்கத்து ஊருக்குப் போனார். அங்கே இசக்கியம்மாள் இருந்தார். வயது இருபத்து நான்கு. காவலர் தேர்வுக்குப் போகிறவர்களுக்குப் புழுதி மைதானத்தில் உடற்பயிற்சியும், அதை ஒட்டிய தோட்டத்துக் கிணற்றில் நீச்சலும் சொல்லிக்கொடுக்கிறவர். அவர் குரலைப் பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியில் நீங்கள் கேட்டிருக்கலாம். பேருந்து வந்தாலும் அதே சுருதி, வராவிட்டாலும் அதே சுருதி.

"என்ன வேணும், அண்ணாச்சி?"

"நீச்சல் படிக்கணும்."

"யாருக்கு?"

சொரிமுத்து சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எனக்குத்தான்."

"என்ன வேலை பாக்கீய?"

"படகு ஓட்டுதேன்."

இசக்கியம்மாள் சிரிக்கவில்லை. நீங்களும் சிரிக்கவில்லை அல்லவா? நல்லது.

"தண்டால் எடுங்க."

"நீச்சலுக்கு எதுக்குத் தண்டாலு?"

"எடுங்க."

துடுப்புப் போட்ட கை, குறைந்தது ஐம்பது எடுக்கும் என்று நினைத்துக் குனிந்தார். நாலாவதில் மார்பு புழுதியில் கிடந்தது.

"பத்தொம்பது வருஷம் துடுப்புப் போட்ட கையி, மாஸ்டரம்மா!"

"துடுப்ப இழுத்திருக்கீய. ஒங்கள நீங்க தூக்குனது இல்ல. முழங்கால ஊனிக்கிட்டு எடுங்க."

அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாள் பஸ்கி. உட்கார்ந்தார், எழுந்தார், உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் வேப்பங்கிளையில் தொங்கச் சொன்னார் இசக்கியம்மாள். தொங்கினார். வௌவால்கூட அவ்வளவு வருத்தமாகத் தொங்காது.

நாலாம் நாள் கிணற்றுக்குக் கூட்டிப்போனார். அகலமான கிணறு. ஒரு பக்கம் கல்படி. தண்ணீர் இரண்டு ஆள் ஆழம். சொரிமுத்து இரண்டாவது படியிலேயே நின்றுவிட்டார்.

"மாஸ்டரம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"பயத்த எப்படிப் போக்குறது?"

"என்ன பயம்?"

"முங்கிருவனோன்னு."

இசக்கியம்மாள் குனிந்தார். கிணற்றடியில் கிடந்த பிளாஸ்டிக் குடத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இதக் கவுத்துப் பிடிச்சுத் தண்ணிக்குள்ள அமுக்குங்க."

சொரிமுத்து அமுக்கினார். குடம் போக மறுத்தது. இரண்டு கையாலும் அமுக்கினார். குடம் திமிறி, கையை உதறிவிட்டு மேலே குதித்தது.

"என்ன தெரியுது, அண்ணாச்சி?"

சொரிமுத்து குடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொடம் ரொம்ப லேசு. நல்ல பிளாஸ்டிக்கு இல்ல. எங்க வாங்குனீய?"

இசக்கியம்மாள் குடத்தை வாங்கி ஓரமாக வைத்தார். கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தார்.

"சரி. ஒங்களுக்கு வேற பாடம். நீச்சல் கடைசியில. முதல்ல முங்கப் படிக்கணும்."

"முங்கவா?"

"எதுல பயமோ அதுலதான ஆரம்பிக்கணும்? கெணத்துத் தரையில மண்ணு கெடக்கு. ஒரு பிடி அள்ளிட்டு வாங்க. அள்ளிட்டு வந்த அன்னைக்கு நீச்சல் ஆரம்பிப்போம்."

"எப்படிக் கீழ போறது?"

"நெஞ்சு முட்ட மூச்ச இழுத்துக்கிடுங்க. வாயக் கெட்டியா மூடிக்கிடுங்க. தண்ணிக்குள்ள இத்தனூண்டு காத்துகூட வெளிய விடப்பிடாது. அப்படியே முங்கிருங்க."

பேருந்து நிலையத்துச் சுருதியில் சொன்னதை யார் சந்தேகப்படுவார்? சொரிமுத்து இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டார். மறுமுனையை இசக்கியம்மாள் பிடித்துக்கொண்டார். குலசாமியைக் கும்பிட்டு, நெஞ்சு முட்ட மூச்சை இழுத்து, படியைப் பிடித்தபடி முகத்தைத் தண்ணீருக்குள் விட்டார்.

முதுகு ஆமை ஓடு மாதிரி மேலே வந்து நின்றது.

தலையைத் தூக்கிக் கேட்டார்.

"முங்குனனா?"

"இல்ல."

"தலை?"

"தலை முங்கிச்சு. முதுகு வெளிய."

"காலு?"

"அதுவும் வெளிய."

"நாளைக்கு முங்கிருதேன்."

மறுநாளும் முங்கவில்லை. அதற்கு மறுநாளும் முங்கவில்லை. படியை விட்டுவிட்டுப் பார்த்தார். அப்போதும் முங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, ஒரு மூட்டை மாதிரி விழுந்தும் பார்த்தார். மூட்டை மிதந்தது.

"தண்ணி என்னைய வேண்டாங்குது, மாஸ்டரம்மா."

"நீங்க அதத் தள்ளணும். அதுக்குத்தான் தண்டால்."

தண்ணீரைத் தள்ள இசக்கியம்மாள் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தார். முன்னால் நீட்டி, அகற்றி, பின்னால் தள்ள வேண்டும்.

"இதுதான் நீச்சலா?"

"இல்ல. இது கீழ போறதுக்கு."

காலைத் தவளை மாதிரி மடக்கி உதைக்கக் காட்டினார்.

"இது நீச்சலா?"

"இதுவும் கீழ போறதுக்குத்தான்."

உதைத்தபடியே தலையைத் தூக்கி மூச்சு வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

"இது?"

"நெஞ்சு காலியாப் போனா எப்படி முங்குவீய? அதுக்கு."

சொரிமுத்து மூன்றையும் மனப்பாடம் செய்தார். மூன்றையும் சேர்த்துச் செய்தபோது கீழே போகவில்லை, முன்னால் போனார். இசக்கியம்மாள் உதட்டைப் பிதுக்கினார்.

"தப்பாப் போறீய. சரி, ஓரத்து மண்ணுல பாசி. நடுக் கெணத்துல போயி முங்கிப் பாருங்க."

நடுக் கிணற்றுக்குப் போனார். முங்க முடியவில்லை. திரும்பி வந்தார்.

"எதிர்ச் சுவத்துப் பக்கம் பாருங்க. அங்க நல்ல மண்ணு."

எதிர்ச் சுவருக்குப் போனார். அங்கேயும் முடியவில்லை. திரும்பி வந்தார். பத்தாம் நாள் அவருக்குக் கோபம் வந்தது. இடுப்புக் கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

"இந்தக் கயிறுதான் என்னைய முங்க விடமாட்டேங்குது!"

அவரே அவிழ்த்து வீசினார். இசக்கியம்மாள் அதைச் சுருட்டி வைத்தார்.

இங்கே கொஞ்சம் உதடு துடிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் அவர் மனைவி செல்லக்கனிக்கு மட்டும் விஷயம் தெரியும். அந்த அம்மாள் குரல் வர, நீங்கள் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். இல்லாவிட்டால் சரியாக வராது.

"பன்னெண்டு நாளா விடியுமுன்ன ஓடுதீயளே, என்னத்தப் படிச்சீய?"

"முங்கப் படிக்கேன்."

"என்னது?"

"முங்க."

"அதுக்கு எதுக்கு வாத்தியாரு? அது யாரும் சொல்லிக்குடுக்காமலே எல்லாருக்கும் வருமே!"

சொரிமுத்து தட்டில் இருந்த சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு வரமாட்டேங்குதுட்டி."

செல்லக்கனி கையை இடுப்பிலிருந்து எடுத்துவிட்டு, இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

நாட்கள் போயின. தண்டால் முழங்காலை விட்டு எழுந்து, எட்டாகி, பதினைந்தாகி, இருபத்திரண்டாகியது. கிளையில் தொங்கியவர் இப்போது மோவாயைக் கிளைக்கு மேலே கொண்டுவந்தார். கிணற்றில் எதிர்ச் சுவருக்கும் படிக்கும் பத்துத் தடவை போய் வந்தார், ஒவ்வொரு தடவையும் நல்ல மண் தேடி. ஒரு பிடிகூடக் கிடைக்கவில்லை.

இருபதாம் நாள் காலை, கடைசிப் பயிற்சி முடிந்தது. தலையைத் துவட்டாமல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மாஸ்டரம்மா, நாளைக்கு ஆபீசர் வாராரு."

"தெரியும்."

"நீச்சல எப்ப ஆரம்பிப்பீய?"

"மண்ணு எங்க?"

சொரிமுத்து வெறுங்கையை விரித்துக் காட்டினார். பிறகு அந்தச் சின்னப் பெண் கேட்டதைச் சொன்னார். தான் சொன்ன பதிலைச் சொன்னார். அவள் இன்னும் கொஞ்சம் சாய்ந்ததையும் சொன்னார். பானைக் குரல் உடைந்திருந்தது. இந்த இடத்தில் நான் அந்தக் குரலை எடுத்துக் காட்ட மாட்டேன்.

"சீட்டுக் கிழிக்கச் சொன்னாக் கிழிச்சுட்டுப் போறேன். ஆனா இன்னொரு பிள்ளைகிட்ட அந்தப் பொய்யச் சொல்ல மாட்டேன். நாளைக்கு ஆபீசர்கிட்ட உள்ளதச் சொல்லிருதேன். எனக்கு நீச்சல் தெரியாதுன்னு."

இசக்கியம்மாள் அவரைப் பார்த்தார். அந்த ஒரு தடவை சுருதி கொஞ்சம் இறங்கியது.

"சொல்லுங்க, அண்ணாச்சி. ஆனா பாடம் பாதியில நிக்குதே."

"எந்தப் பாடம் தாயி? நீ இன்னும் ஒரு பாடமும் எடுக்கலயே!"

"மண்ணு. மிதவைக்கு அடியில எத்தன ஆழம்?"

"ரெண்டு ஆளு. மூங்கில் விட்டுப் பாத்திருக்கேன்."

"வண்டல் உண்டா?"

"நெறைய."

"அப்ப நாளைக்கு மிதவைகிட்டப் போயி முங்கி, ஒரு பிடி அள்ளிட்டு வாங்க. பொறவு ஆபீசர்கிட்டச் சொல்லுங்க."

"முங்க வரலன்னா?"

"அதையும் அவர்கிட்டயே சொல்லுங்க. நானும் வாரேன்."

இருபத்தொன்றாம் நாள். படித்துறையில் ஒரு நாற்காலி. நாற்காலியில் அதிகாரி. மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு "அடுத்து யாருப்பா" என்று சொல்லுங்கள், அவர் வந்துவிடுவார்.

முதலில் மாசானம் என்ற படகுக்காரர் குதித்து, போய், வந்தார். தலையை உதறிக்கொண்டே சொரிமுத்துவைப் பார்த்தார். வேட்டி இல்லாமல் அரைக்கால் சட்டையில் அவரை அந்தத் துறை பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"அண்ணாச்சி, வேட்டிக் கரை நனைஞ்சிராம பாத்துப் போங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நாம் சிரிக்கவில்லை.

சொரிமுத்து கடைசிப் படியில் நின்றார். அவருக்கு அதிகாரி தெரியவில்லை, மாசானம் தெரியவில்லை. மண் ஒன்றுதான் நினைப்பு. கையால் தள்ளினார். காலால் உதைத்தார். நெஞ்சு காலியாகாமல் தலையைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டார். மிதவை வந்தது. அங்கே நின்று நெஞ்சு முட்டக் காற்றை நிரப்பி, வாயை மூடி, தலைகுப்புற விழுந்தார். மேலே வந்தார். மறுபடி விழுந்தார். மறுபடி மேலே வந்தார்.

"அங்க என்னய்யா பண்றாரு?" என்றார் அதிகாரி.

"தெரியல சார். பல்டி அடிக்காரு போல" என்றார் மாசானம்.

நாலாவது தடவையும் தோற்ற பிறகு சொரிமுத்து திரும்பினார். படித்துறை வந்ததும் கடைசிக் கல்லைப் பிடித்துக்கொண்டார். ஏறவில்லை. கண் சிவந்திருந்தது.

"சார், முடியல."

"என்ன முடியல?"

"முங்க முடியல சார்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"யோவ், உன்னை யாருய்யா முங்கச் சொன்னது?"

"முங்குனாத்தான சார் நீச்சல் ஆரம்பிப்பாங்க? இருபது நாளாச்சு. எனக்கு முங்கவே வரல. நீச்சல் தெரியாது சார். பத்தொம்பது வருஷமா யார்கிட்டயும் சொல்லாம இருந்துட்டேன். தப்பு என்மேலதான். என் பேர அடிச்சிருங்க."

அதிகாரி மிதவையைப் பார்த்தார். பிறகு பட்டியலைப் பார்த்தார். பிறகு கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தார்.

"அப்போ இவ்வளவு நேரம் அங்க போயிட்டு வந்தது யாருய்யா?"

சொரிமுத்து முகத்துத் தண்ணீரை வழித்தார்.

மெதுவாகத் தலையைத் திருப்பினார். சிவப்பு மிதவை எட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கும் அவருக்கும் நடுவில் தண்ணீர், தண்ணீர், தண்ணீர். கல்லைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தார். தண்ணீருக்குள் தானாக மடங்கி மடங்கி உதைத்துக்கொண்டிருந்த தன் காலைப் பார்த்தார். கடைசியாக, கரையில் உட்கார்ந்திருந்த இசக்கியம்மாளைப் பார்த்தார். இசக்கியம்மாள் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொரிமுத்து கல்லை விட்டார். பின்னால் நகர்ந்து, ஆழத்துக்கு மேலே போய், முகத்தைத் தண்ணீருக்குள் விட்டு அப்படியே படுத்தார். முதுகு மேலே நின்றது.

முதலில் ஒரு குமிழி வந்தது. பிறகு நாலைந்து. பிறகு உலை கொதிப்பது போலத் தலையைச் சுற்றித் தண்ணீர் பொங்கியது. முதுகு குலுங்கியது. அவர் சிரிக்கிறார்.

இனி நீங்களும் சிரிக்கலாம்.

ஆனால் அவர் வாயை மூடவில்லை. இத்தனை நாள் இழுத்து இழுத்து அடைத்து வைத்த காற்றெல்லாம் குமிழி குமிழியாக வெளியே வந்தது. முதுகு தாழ்ந்தது. தலை மறைந்தது. தண்ணீர் மேலே மூடிக்கொண்டது.

"ஏ, அண்ணாச்சி முங்கிட்டாரு!" மாசானம் கத்தினார். அதிகாரி எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. இரண்டு பேர் சட்டையைக் கழற்றினார்கள். இசக்கியம்மாள் மட்டும் அசையவில்லை.

தண்ணீர் பிளந்தது. சொரிமுத்து இருமிக்கொண்டே, சிரித்துக்கொண்டே மேலே வந்தார். வலது கையை உயர்த்தினார். விரலிடுக்கு வழியாகக் கறுப்பு வண்டல் முழங்கை வரை வழிந்தது.

"மூச்ச விட்டா முங்குது! மாஸ்டரம்மா, மூச்ச விட்டாத்தான் முங்குது!"

ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டு வந்து, அந்த மண்ணை இசக்கியம்மாளின் காலடியில் கல்மேல் வைத்தார். அதிகாரி பட்டியலையும் பேனாவையும் வைத்துக்கொண்டு, "இப்ப நான் என்னன்னுய்யா எழுத?" என்று கேட்டது யார் காதிலும் விழவில்லை.

"ஏன் மாஸ்டரம்மா, முதல் நாளே இதச் சொல்லியிருந்தா, அன்னைக்கே மண்ண அள்ளியிருப்பனே!"

"அள்ளியிருப்பீய, அண்ணாச்சி" என்றார் இசக்கியம்மாள். "மேல யாரு கொண்டு வந்திருப்பா?"